அந்த உறைகளைப் பின்னியது நான்தான்

என் மகள் பொய்க்காரி அல்ல. பொய் சொன்னவன் நான்.

பிள்ளைகளே, இதை உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். பெரியவர்களிடம் சொல்ல இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை... வெட்கமாக இருக்கிறது.

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. ஒருமுறை வண்டியிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தேன். பொழுது போகாமல் செல்போனில் வீடியோ பார்த்துக் குரோஷா பின்னக் கற்றுக்கொண்டேன். முனையில் சின்னக் கொக்கி உள்ள ஓர் ஊசி, ஓர் உல்லன் நூலுருண்டை... அவ்வளவுதான். ஆனால் எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா!

பிறகு நாங்கள் புது வீடு கட்டினோம். முன்னறைச் சுவருக்கு மயில்கழுத்து நிறம் வேண்டும் என்று கேட்டவள் என் மகள் யாழினி. அப்போது அவள் நான்காம் வகுப்பு. மிச்சமிருந்த பெயிண்டை ஓர் அட்டைத் துண்டில் தடவிக் காயவைத்து, இருவரும் காந்திபுரத்து நூல் கடைக்குப் போனோம். கடை விளக்கில் எல்லா நீலமும் ஒன்றுபோல் இருந்தன. அவள்தான் நூலையும் அட்டையையும் தெருவுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "இதுதானுங்கப்பா நம்ம செவுரு" என்றாள். அவள் நூலை உருண்டையாகச் சுற்றித் தர, நான் பின்னினேன். சோபாத் தலையணைகளுக்கு உறை, டீப்பாய்க்கு விரிப்பு, ஜன்னல் திரையைச் சேர்த்துக் கட்ட ஒரு பட்டை. எல்லாம் சுவரோடு ஒத்துப்போயின.

புதுமனை புகுவிழாவுக்குச் சொந்தமெல்லாம் வந்தது. என் மனைவியின் அண்ணன் சீர்த்தட்டுகளோடு ஆனைமலையிலிருந்து வந்தார். சோபாவில் உட்கார்ந்து தலையணையைத் திருப்பிப் பார்த்தவர், இதெல்லாம் யார் செய்தது என்று கேட்டார்.

"எங்கப்பா போட்டதுங்க மாமா" என்றாள் யாழினி. அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை!

மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங்க மாப்ள, ஸ்பேனர் புடிக்கிற கையில ஊசியுமா? அப்ப இந்த ஊட்டுல சேலை கட்டிக்கிறது யாருங்க?"

அறையே சிரித்தது. வாசலில் என் பட்டறை ஆட்கள் நின்றிருந்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"சும்மா புளுகுதுங்க மச்சான். அவங்கம்மா போட்டதுங்க" என்றேன். அதோடு விட்டேனா? அவள் பக்கம் திரும்பி, "பெரியவங்ககிட்டப் பொய் சொல்லக் கூடாது கண்ணு" என்றும் சொன்னேன்.

அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள். நான் எதையோ மறந்துவிட்டேன், இதோ நினைவு வந்துவிடும் என்று காத்திருப்பவளைப் போல... என் மனைவியும் வாய் திறக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

அன்று மச்சான் என் மகளுக்கு 'புளுகுணி' என்று பெயர் வைத்தார். அவர் அன்பாகத்தான் வைத்தார். ஆனால் எந்த விசேஷத்துக்குப் போனாலும் "புளுகுணி வந்தாச்சா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆம், சிரித்தேன்!

இன்னும் இருக்கிறது. மச்சானின் மனைவி, தங்கள் வீட்டு ரோஸ் சுவருக்கும் அதேபோல் உறைகள் வேண்டும் என்று என் மனைவியிடம் கேட்டார். அவளுக்கோ ஊசி பிடிக்கவே தெரியாது. படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் பின்னினேன். ஒருநாள் யாழினி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, திரும்பச் சாத்திவிட்டுப் போனாள். அதன்பின் எனக்கு நூல் சுற்றித்தர அவள் வரவில்லை.

கோடை விடுமுறைக்கு மாமா வீட்டுக்குப் போனாள். அங்கே மாமாவின் செல்போன் கீழே விழுந்து உடைந்தது. பழி இவள்மேல் விழுந்தது. என்னைப் போனில் கூப்பிட்டு, "நான் உடைக்கலீங்கப்பா. நான் பொய் சொல்ல மாட்டேன்னு மாமாகிட்டச் சொல்லுங்க" என்றாள். என்னால் மட்டுமே சொல்லமுடிந்த சொல் அது. சொன்னேனா? அதைச் சொன்னால் உறைகளின் கதையையும் சொல்லவேண்டி வருமே... "மாமா சொல்றதைக் கேளு கண்ணு" என்று வைத்துவிட்டேன்.

உடைத்தது மச்சானின் மகன் என்று மறுநாள் தெரிந்தது. அவனுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. இவள் பெயரும் போகவில்லை.

நான் எதற்குப் பயந்தேன்? ஒரு சிரிப்புக்கு! காப்பி ஆறுவதற்குள் அடங்கிப்போகிற ஒரு சிரிப்புக்கு, உண்மை பேசிய ஒரு குழந்தையைக் கொடுத்துவிட்டேன். உங்கள் அப்பா இப்படிச் செய்திருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? எனக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

யாழினி இப்போது எட்டாம் வகுப்பு. நேற்று சாயங்காலம் டியூஷனிலிருந்து வந்தவள், "வெளிய மழை பேயுதுங்கப்பா" என்றாள். சரி என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள், நான் நம்பவேண்டுமே என்று, நனைந்த கையை என் முன்னால் நீட்டிக் காட்டினாள்.