கேட்டை மூடச் சொன்னவள்

மாரிசெல்வி வேலைக்குப் போகும் பட்டாசுக் கம்பெனி வேனை ஓட்டுகிறவன் அவள் புருஷன் பாண்டிராஜ்தான். காலையில் ஊருக்கு வெளியே ரயில் கேட் பூட்டியிருந்தால் அவன் இறங்கிப்போய், கேட் கீப்பர் நாகஜோதியோடு பேசிக்கொண்டு நிற்பான். கொடியைச் சுருட்டிப் பிடித்தபடி அவளும் சிரிப்பாள். வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற மனுஷன், அங்கே கையை ஆட்டி ஆட்டிப் பேசுவான். வேனுக்குள்ளிருந்து அதைப் பார்க்கப் பார்க்க மாரிசெல்விக்கு வயிறு எரியும்.

அந்தக் கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை கட்டப்போவதாக அதிகாரிகள் வந்து கூட்டம் போட்டார்கள். ஊரே வேண்டாம் என்றது. மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், தன் நிலத்துக்கு டிராக்டர் எப்படிப் போகும் என்று விவசாயி சுந்தரபாண்டி சண்டைக்கே போய்விட்டார். அப்போது மாரிசெல்வி எழுந்தாள்.

“மூடிருங்க சார். வேன் தண்டவாளத்தத் தாண்டுறப்ப எங்க உசுரு எங்ககிட்ட இல்ல.”

அதிகாரிகளுக்குச் சந்தோஷம். பாண்டிராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

சுரங்கப்பாதை திறந்த அன்று கேட்டை மூடினார்கள். நாகஜோதியை வேறு கேட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, மாரிசெல்வி கறி எடுத்துக் குழம்பு வைத்தாள்.

புரட்டாசியில், தீபாவளி சீசன் மும்முரத்தில், ஒரே மழையில் சுரங்கப்பாதை நிரம்பிவிட்டது. வேன் பக்கத்து ஊர் வழியாகச் சுற்றிப் போனது. அங்கேயும் ஒரு கேட் பூட்டியிருந்தது. கொடியோடு நின்றவள் நாகஜோதி. பாண்டிராஜ் இறங்கும் முன் மாரிசெல்வி இறங்கிவிட்டாள். நாலு வார்த்தை கேட்டுவிடத்தான் போனாள். நாகஜோதி முந்திக்கொண்டாள்.

“அக்கா, நீங்கதான் மூடச் சொன்னீகளாம்ல? போன மாசம் பாண்டிராஜ் அண்ணன் இங்கன வந்தப்ப சொன்னாக. அங்கன காட்டுக்குள்ள ஒத்தையில கெடந்தேன். இங்கன வீடு பக்கத்துலயே. நல்லா இருப்பீக.”

போன மாதம் இந்தப் பக்கம் வேனுக்கு வேலையே இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் கேட்டாள். “அங்கன எதுக்குப் போனீக?”

“சும்மாதான்,” என்றான் பாண்டிராஜ். வேன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, “நான் சொல்லுறத அவ முழுசாக் கேப்பா,” என்றான்.



மறுநாள் மாரிசெல்வி டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சுரங்கப்பாதையில் தண்ணீர் வடியும்வரை வேன் அந்த வழியாகவே போனது. கேட் பூட்டியிருந்தாலும் பாண்டிராஜ் ஒரு தடவைகூட இறங்கவில்லை. மாரிசெல்விக்கு அதிலும் நிம்மதியில்லை. தான் பக்கத்தில் இருப்பதால்தான் இறங்காமல் இருக்கிறான் என்று பட்டது.