விடாமல் பிடித்த இணைப்பு

அலுவலகத்தில் நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவரின் மேசையில் போன் எப்போதும் மல்லாந்து கிடக்கும், அழைப்பு துண்டிக்கப்படாமலே. மறுமுனையில் பாம்பனிலிருக்கும் அவருடைய அம்மா. இருவரும் பேசிக்கொள்வது அபூர்வம். பாத்திரம் உருளும் சத்தமும் கோழியை விரட்டும் குரலும் கேட்கும், அவ்வளவுதான். கணவரும் தம்பியும் கடலுக்குப் போகிற குடும்பத்துக்கு அந்தச் சத்தமே தைரியம் என்பது எனக்குப் புரிய நாளானது. ஒருமுறை கேலி செய்தேன். "எதுக்குலே வச்சுட்டு வச்சுட்டுக் கூப்புடணும்? அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றார்.

ராமநாதபுரத்தில் எங்கள் சின்ன அலுவலகத்தின் மூத்த புரோகிராமர் அவர். கரை சேர்ந்த படகுகளைக் காட்டும் இணையதளத்தை அவரே எழுதினார். படகு வந்ததும் துறையில் இருப்பவர் பதிவார், வீட்டில் இருப்பவர்கள் பார்த்து நிம்மதி அடைவார்கள். வழக்கமாக, பக்கத்தை ஒருவர் திறந்தால் அதன் ஸ்கிரிப்ட், பதிவுகள் இருக்கும் டேட்டாபேஸோடு இணைந்து, கேட்டதை வாங்கிக்கொண்டு இணைப்பை விட்டுவிடும். அக்கா அதை விடாமல் வைத்திருக்கும்படி எழுதினார். அடுத்து வருபவருக்கு இணைப்பு தயாராக இருக்கும், பக்கம் சட்டென்று திறக்கும். அந்த வேகத்தில் எங்களுக்கெல்லாம் பெருமைதான். கூட்டம் கூடினால் சர்வர் ஆளுக்கொன்றாக இணைப்பைப் பிடித்துக்கொண்டே போகும், வேலை முடிந்தும் விடாது, டேட்டாபேஸ் தாங்கும் இணைப்புகளுக்கோ ஓர் அளவுண்டு என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

வாடைக்காற்று திடீரென்று வலுத்த ஒரு காலையில் கரையோரம் முழுக்க அந்தப் பக்கத்தையே திறந்து திறந்து பார்த்தது. இணைப்புகள் நிரம்பிப் பக்கம் முடங்கியது. அக்காவின் கணவருடைய படகு வழிமாறி மண்டபத்தில் கரை சேர்ந்திருந்தது. அங்கிருந்தவரால் அதைப் பதிய முடியவில்லை. கணவர் யாரிடமோ போன் வாங்கி, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணான அக்காவின் எண்ணை அழைத்தார். அம்மாவோடு இணைந்தே கிடந்த அந்த எண் பிஸியாகவே இருந்தது.

மேசையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "ஏடி, தம்பி வள்ளத்த எடுத்துட்டுப் போறான். மச்சானத் தேடப் போறானாம்."

"போவ வேணாம்னு சொல்லுங்கம்மா!" என்று கத்தினார் அக்கா. அம்மா கரைக்கு ஓடியபோது வள்ளம் தூரத்தில் இருந்தது.

சர்வரை நிறுத்தி மறுபடி இயக்கினோம். பக்கம் திறந்தது. கொஞ்ச நேரத்தில் கணவரின் படகு முதல் வரியில் வந்தது: மண்டபம், கரை சேர்ந்தது. தம்பியின் போனுக்குச் சிக்னல் இல்லை. அவன் திரும்பவேயில்லை.

காற்றுதான் காரணம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "நான் போன வச்சுத் தொலைச்சிருந்தா அவரு பேசிருப்பாரு. இவன் போயிருக்க மாட்டான்" என்பார். பிறகு வேலையையே விட்டுவிட்டார்.

இப்போதும் கிறிஸ்துமஸுக்கு அழைப்பார். "நல்லாருக்கியாலே? சரி, வச்சிர்றேன்." நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிடுவார். நான்தான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் சற்று நேரம் நிற்கிறேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் கேட்பதில்லை.