புதூர் ஆட்டுக்காரர் சர்க்கார் மேல் போட்ட வழக்கு

1. வாசலில் நின்ற தொரட்டி

கோவில்பட்டி கோர்ட்டில் நான் வக்கீல் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில், வழக்கு என்றால் வரப்பு, வண்டிப்பாதை, கிணற்றுப் பங்கு. அண்ணன் மேல் தம்பி போடுவான், தம்பி மேல் சித்தப்பா போடுவார். சர்க்கார் மேல் போட யாருக்கும் தோன்றியதில்லை. மழை இல்லையென்று வானத்தின் மேலா பிராது கொடுப்பார்கள்?

கரிசல் வாய் பிளந்து கிடந்த ஒரு கோடை நாள். வக்கீல் மீரான் ஆபீஸ் வாசலில் ஒருவர் ஆட்டுக்குத் தழை இழுக்கும் தொரட்டியைச் சாத்திவிட்டு, தோளில் கம்பளியோடு நின்றார். புதூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர், பெயர் சுடலைமுத்து. என்ன வேண்டும் என்றேன்.

"போலீசு மேல கேசு போடணும் அண்ணாச்சி."

கையிலிருந்த பேனா கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்கக் குனிந்தபடியே முழுக்கதையும் கேட்டேன். நிமிர்ந்தால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம்.

பெரிய வீட்டுக் கிடா ஒன்று தொலைந்திருக்கிறது. சப்-இன்ஸ்பெக்டருக்குத் திருடன் தேவைப்பட்டான். மேய்ச்சலில் நின்ற சுடலைமுத்துவைப் பிடித்து, கையில் விலங்கு மாட்டி, புதூர்ச் சந்தைக்குள் நடத்திக் கூட்டிப்போனார். மூன்று ராத்திரி ஸ்டேஷனில். மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தவில்லை, கேஸும் எழுதவில்லை. நாலாம் நாள் கிடா தானாகவே வீடு வந்து சேர்ந்தது. எங்கே போயிருந்தாய் என்று அதை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை.

விட்டுத்தான் விட்டார்களே, இன்னும் என்ன என்றேன்.

"விலங்கு போட்டதை ஊரே பாத்துச்சு. கழட்டினதை ஒருத்தரும் பாக்கல அண்ணாச்சி. இப்ப எவரும் கிடை கேட்டு வரமாட்டேங்குதாவ."

எங்கள் பக்கத்தில் அறுப்பு முடிந்ததும் சம்சாரிகள், அதாவது விவசாயிகள், ஆட்டுக்காரரைக் கூப்பிட்டு, தங்கள் புஞ்சையில் ராத்திரி ஆடுகளை அடைக்கச் சொல்வார்கள். அதுதான் கிடை. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு எரு. ஆட்டுக்காரர் வீட்டுக்குத் தானியம். அவரும் ஆடுகளோடு அங்கேயே படுப்பார். களம், வைக்கோல் படப்பு, பம்புசெட் எல்லாம் திறந்து கிடக்கும் காட்டில் திருட்டுப் பெயர் எடுத்தவரை யார் படுக்க விடுவார்கள்? கிடை இல்லையென்றால் அந்த வீட்டில் அடுப்பு இல்லை.

மீரான் ஐயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வக்காலத்தில் ரேகை வாங்கச் சொன்னார்.

2. தன்னைத் தானே விசாரித்தது

புதிய குமாஸ்தாக்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எண்பதாம் பிரிவு நோட்டீஸ். போலீஸ் உங்களைப் பிடிப்பதற்கு ஒரு நிமிஷம்கூட முன்னறிவிப்புத் தர வேண்டாம். நீங்கள் போலீஸைக் கோர்ட்டுக்குப் பிடிக்க வேண்டுமானால், சர்க்காருக்கு இரண்டு மாதம் முன்னதாக எழுதித் தெரிவிக்க வேண்டும். பாவம், சர்க்கார் மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டாமா?

கலெக்டருக்கு நோட்டீஸ் அனுப்பினோம். அது ஒவ்வொரு மேஜையிலும் இளைப்பாறி, 'விசாரித்து அறிக்கை தருக' என்ற குறிப்போடு கீழே கீழே இறங்கி, கடைசியில் அதே சப்-இன்ஸ்பெக்டர் கைக்கே வந்தது. அவர் கடமை தவறாதவர். சுடலைமுத்துவை மேய்ச்சலில் தேடிப்போய் விசாரித்தார்.

"ஏலே, நான் உன்னைய அடைச்சா வச்சேன்?"

"ஆமாய்யா."

'மனுதாரர் குழப்பமான மனநிலையில் உள்ளார்' என்று அறிக்கை போனது. தன்னைக் கூண்டில் நிறுத்தி, தானே நீதிபதியாக உட்கார்ந்து, தன்னைத் தானே விடுதலை செய்துகொண்ட அந்த வேகம் எங்கள் கோர்ட்டுக்கு இன்றுவரை வாய்த்ததில்லை.

3. சம்சாரியின் ரோஷம்

வழக்கு விசாரணைக்கு வந்தபோது வெடித்த பருத்தி காட்டில் வெள்ளையாகச் சிரித்துக்கொண்டிருந்தது. எங்களுக்குத்தான் சிரிக்க வழியில்லை. விலங்கைப் பார்த்த சந்தை வியாபாரிகள் ஒருவர்கூடச் சாட்சிக்கு வரவில்லை. அன்று அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் கண் மங்கியிருக்கிறது.

சர்க்கார் தரப்பு பதில் எளிமையானது: சுடலைமுத்து ஸ்டேஷன் பக்கமே வரவில்லை, அந்த வாரம் ஆடுகளோடு குளத்தூர்ப் பக்கம் போயிருந்தார். அதற்குச் சாட்சி புதூர்ப் பக்கத்துக் கிராம முன்சீப், ஊரில் வரி வசூலிக்கிறவர். வெள்ளை வேட்டி, முழங்கை வரை ஜரிகைத் துண்டு. கூண்டில் ஏறி, குளத்தூர்க் கதையை மனப்பாடப் பாட்டு மாதிரி ஒப்பித்தார்.

மீரான் ஐயா குறுக்கு விசாரணையில் எப்படியெல்லாமோ கேட்டுப் பார்த்தார். கதை அசையவில்லை. உட்காரப் போனவர், எரிச்சலில் ஒன்றைக் கேட்டார். அதில் தந்திரம் எதுவும் கிடையாது என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார். கேட்டது இதுதான்.

"நீர் விவசாயம் பார்க்கிறவர்தானா, இல்லை பேருக்குத்தான் சம்சாரியா? ஊரில் ஆடுமாடு நடமாட்டமே தெரியாதவராக இருக்கிறீரே."

சர்க்கார் வக்கீல் ஆட்சேபிக்க எழுந்தார். அதற்குள் முன்சீப்பின் முகம் சிவந்துவிட்டது. கரிசல்காட்டுக்காரரிடம் திருடன் என்று சொல்லிப் பாருங்கள், பொறுத்துக்கொள்வார். விவசாயம் தெரியாதவன் என்றால் பொறுக்கமாட்டார்.

"யாரப் பாத்துக் கேக்குதிய? ஓடைமேட்டுப் புஞ்சையில எம் பருத்தியப் பாத்தவியகிட்டக் கேளுங்க. போன கோடையில அந்தச் சந்தை அன்னைக்கு ராத்திரி தொட்டு மூணு ராத்திரி கிடை கிடந்த மண்ணு அது."

"யார் கிடை?"

"சுடலைமுத்து கிடைதான். அம்புட்டு ஆடு வேற எவன்கிட்ட இருக்கு?"

தன் ஆடுகள் அப்போது எங்கே கிடந்தன என்று சுடலைமுத்துவுக்கே அன்றுதான் தெரிந்தது. மீரான் ஐயா குரலைத் தாழ்த்தினார். "ஆடு உம்ம புஞ்சையில். அந்த மூன்று ராத்திரியும் ஆட்டுக்காரர் எங்கே?"

முன்சீப் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். சொன்னதை விழுங்க முடியாது. நண்பரைக் காப்பாற்றவும் வேண்டும். காப்பாற்றினார்.

"ஐயா மேல தப்பில்லீங்க. அவிய நல்ல மனசுக்காரவிய. இவன் ஸ்டேஷன்ல கெடக்கும்போது ஆடு சும்மா நிக்குதே, உம்ம புஞ்சையில அடைச்சுக்கிடும்னு அனுப்பி வச்சாவ."

நீதிபதி அதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். காவலில் வைத்தது சட்டவிரோதம், விலங்கிட்டு நடத்தியது உரிமைப் பறிப்பு என்று தீர்ப்பானது. நஷ்டஈடும் உண்டு. சப்-இன்ஸ்பெக்டரை அருவிச் சாரல் அடிக்கும் ஊருக்கு மாற்றினார்கள். கரிசல் வெயிலில் வெந்தவருக்கு அது தண்டனையாம்.

இந்தத் தொழிலில் நான் கற்றது இது: அதிகாரத்தின் பக்கம் நிற்கும் சாட்சி பயத்தில் உண்மை பேசமாட்டார், பெருமையில் பேசிவிடுவார். அவர் எதில் பெருமைப்படுகிறவர் என்று தெரிந்துகொண்டு கோர்ட்டுக்குள் போங்கள். எங்களுக்கு அது தற்செயலாகக் கிடைத்தது. உங்களுக்கும் அப்படிக் கிடைக்கும் என்று நம்பியிருக்காதீர்கள்.

4. சந்தையில் வாசித்தது

தீர்ப்பு நகல் இங்கிலீஷில் இருந்தது. சுடலைமுத்து என்னைப் புதூர்ச் சந்தைக்கு அழைத்துப்போய், விலங்கோடு நடந்த அதே வழியில் நிறுத்தி, தமிழில் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அன்று கண் மங்கியவர்கள் எல்லோருக்கும் இப்போது காது நன்றாகக் கேட்டது. சட்டவிரோதம் என்ற சொல்லை இரண்டாம் தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார் ஒரு மிளகாய் வியாபாரி.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலில் வந்தவர் கிராம முன்சீப். வெட்கம் என்று ஒன்று முகத்தில் இருந்ததா என்று தேடினேன், துண்டு மறைத்திருக்கலாம். அறுப்பு முடிந்துவிட்டது, ஓடைமேட்டில் இந்த வருசமும் கிடை போட வேண்டும் என்று சந்தையே கேட்கக் கூப்பிட்டார். அவர் கூப்பிட்டால் மற்றவர்களும் கூப்பிடுவார்கள். சுற்றி நின்றவர்கள் ஆட்டுக்காரரைப் பார்த்தார்கள்.

சுடலைமுத்து கம்பளியை உதறித் தோளில் போட்டார்.

"போடுதேன்யா. இந்த மட்டம் ஆட்டோட நானும் வாரேன்."