'ட்வெல்' என்று கேட்டது சூளை

எங்கள் பீங்கான் பொம்மைப் பட்டறைக்குப் புதிதாகக் கரண்டு சூளை வாங்கினோம். மாட்ட வந்தவர் வேப்பூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பட்டன்களை மட்டும் காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் சரக்கை அடுக்கினேன். எத்தனை டிகிரி என்று திரை கேட்டது, போட்டேன். அடுத்து 'ட்வெல்' என்று கேட்டது. ஸ்கூலில் அதற்குக் குடியிருத்தல் என்று மனப்பாடம் செய்தது ஞாபகம் வந்தது. சரக்கு மொத்தம் எவ்வளவு நேரம் உள்ளே இருக்க வேண்டும் என்று கேட்கிறதாக்கும் என நினைத்து எட்டு மணி நேரம் போட்டுவிட்டேன்.

ஆறிய பிறகு கதவைத் திறந்தவள் கத்திவிட்டேன். ஒரு பொம்மைக்கும் முகம் இல்லை. கழுத்து மடங்கி, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, பூச்சு வழிந்து தட்டோடு ஒட்டிக் கிடந்தன. அத்தனையும் சேத்தியாத்தோப்புக் கடைக்குச் சொன்ன சரக்கு.

என் சத்தம் கேட்டு, காலேஜில் இங்கிலீஷ் படிக்கும் மகள் ஓடிவந்தாள். போனில் தேடினாள்.

"அம்மா, உச்ச சூட்டுல அப்படியே நிறுத்தி வெக்கிற நேரமாம் அது. கொஞ்ச நேரம் வெச்சாலே போதுமாம்."

"அப்ப குடியிருக்கிறதுன்னு சொல்லிக் குடுத்தாங்களே, அது பொய்யா?"

மேலும் படித்தவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "பழைய இங்கிலீஷுல வழிதவற வைக்கிறது, ஏமாத்துறதுன்னு அர்த்தமாம்மா! அப்புறம் தாமதம் பண்றதுன்னு ஆச்சாம். அப்புறம் ஒரு எடத்துலயே தங்கிடுறது. கடைசியாத்தான் குடியிருக்கிறது."

ஏமாத்துறது எப்படி வீடாகும்? எனக்கு நம்பவே முடியவில்லை.

சாயங்காலம் துபாயிலிருந்து கணவர் பேசினார். "என்னம்மா, குரலு ஒரு மாதிரி இருக்குது?"

எல்லாவற்றையும் சொன்னேன். பொம்மைகள் உருகியதைக் கேட்டுச் சிரித்தவர், சொல்லின் அர்த்தத்தைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினார்.

"வூடு கட்டுற வரைக்கும்னுதான் வந்தேன். அப்புறம் புள்ள படிப்பு முடியட்டும்னேன். எதை நம்பி இத்தன வருஷம் இங்கியே இருந்துட்டேன்னு எனக்கே புரியலம்மா."

அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததே இல்லை. சூளையைத் திறந்தபோதுகூட எனக்கு அவ்வளவு அதிர்ச்சி இல்லை.

"வந்துடுங்க," என்றேன். அவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பெருநாளுக்கு முன்பே வேலைக் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். நாங்கள் காத்திருந்த ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கி, வியர்வையைத் துடைக்கத் தொப்பியைக் கழற்றினார். வீடியோவில் பேசும்போது எப்போதும் தொப்பியோடுதான் இருப்பார். தலை முழுக்க நரைத்திருந்தது. மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அத்தா, தொப்பி போட்டே எங்கள ஏமாத்திட்டீங்களா?" என்றாள்.