சி.ஐ.டி. கொடுத்த குரல் டெஸ்ட்

வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வருடக்கணக்காகப் போன் எடுத்தவருக்கு யாரையும் நம்பும் பழக்கம் போய்விடும். "கொஞ்சம் துணிதாங்க போட்டேன், தானாவே நின்னுடுச்சு" என்று ஒருவர் ஆரம்பிக்கும்போதே, மெஷினுக்குள் கம்பளியைத் திணித்திருக்கிறார் என்பது இவருக்குத் தெரிந்துவிடும். வீட்டிலும் அதே காதுதான். கணவரின் 'வண்டி பஞ்சர்', நாத்தனாரின் 'தலைவலி' எதுவும் விசாரணை இல்லாமல் தப்பியதில்லை. சி.ஐ.டி. என்ற பட்டம் நாத்தனார் கொடுத்தது. தெருவில் பாதிப் பேருக்கு இவருடைய சொந்தப் பெயர் தெரியாது.

சினிமா வாய்ப்பு இவருக்குப் போனில்தான் வந்தது. மெஷின் சுற்றவில்லை என்று கூப்பிட்ட ஒருவர், புகாரைப் பதிவு செய்த பிறகும் போனை வைக்கவில்லை.

"உங்க குரல் நல்லா இருக்கே. டப்பிங் பேசியிருக்கீங்களா?"

"வாரண்டி முடிஞ்சிடுச்சு சார். எவ்வளவு புகழ்ந்தாலும் நீட்டிக்க முடியாது."

அவர் சிரித்துவிட்டுத் தன் தொழிலைச் சொன்னார். படங்களுக்குக் குரல் கொடுப்பவர்களை ஸ்டூடியோவுக்குப் பிடித்துத் தரும் ஏஜெண்ட். ஒரு நாள் ஸ்டூடியோவுக்கு வந்து பேசிப் பார்க்கச் சொன்னார். சி.ஐ.டி. ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அந்த மெஷினைப் பார்க்கப் போன மெக்கானிக்கைப் பிடித்து விசாரித்தார். "ஆள் நிஜந்தான்க்கா. சுவர் பூரா பட போஸ்டர். துணி துவைக்கிற இடந்தான் கண்றாவி" என்றார் மெக்கானிக். அதற்குப் பிறகுதான் சி.ஐ.டி. ஸ்டூடியோவின் படியேறினார்.

புகார்ப் பிரிவில் இரவு வேலை என்பதால் பகல் ஓய்வாக இருந்தது. முதலில் கிடைத்தது கூட்டக் குரல். சந்தை, கலவரம், கல்யாண மண்டபம் என்று எந்தக் காட்சியானாலும் ஒரே மைக்கைச் சுற்றி ஆண்களும் பெண்களும் நின்று சலசலக்க வேண்டும். யார் குரலும் தனியாகக் கேட்கக் கூடாது. சந்தைக் காட்சியில் சி.ஐ.டி. தன்னை மறந்து, "எடை சரியா இருக்கா? தட்டைத் தூக்கிக் காட்டு!" என்று அதட்ட, மொத்தச் சந்தையும் வாயை மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் இன்ஜினியர் பட்டனை அழுத்தி, "கலெக்டர் மேடம் கொஞ்சம் பின்னாடி தள்ளி நில்லுங்க" என்றார்.

வீட்டில் பயிற்சி தனியாக நடந்தது. டிவியின் சத்தத்தை அடைத்துவிட்டு, செய்தி வாசிப்பவரின் உதட்டைப் பார்த்து, அதே வேகத்தில் வாய்க்கு வந்ததைப் பேசுவார். உதடு திறக்கும்போது தொடங்கி, மூடும்போது முடிக்க வேண்டும்.

"டிவிக்கு வாய் இல்லைன்னு அண்ணி இரவல் குடுக்கறாங்க" என்பார் நாத்தனார். கணவர் ஸ்கூல் வேன் ஓட்டுபவர். பகலெல்லாம் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டு வருபவருக்குச் சத்தமில்லாத டிவி பிடித்துப்போனது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கம்பெனியில் ஆப்பு வைத்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து இவருக்குப் பகல் ஷிப்ட். கூட்டக் குரலை நம்பி வேலையை விட முடியாது. அதற்குள் ஒரு முழுப் பாத்திரம் கிடைத்தால் விடலாம். இல்லாவிட்டால் ஸ்டூடியோவை மறந்துவிட வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து ஏஜெண்ட் கூப்பிட்டார். ஒரு புதுப் படத்தில் கதாநாயகியின் அக்காவுக்குக் குரல் டெஸ்ட். அக்கா படம் முழுக்க வருகிறாள்.

கூட்டக் குரலில் நிரந்தர இடம் பிடித்த ஒரு பெண்மணி உண்டு. எல்லாப் படத்துச் சாவு வீட்டிலும் அழுவது அவர்தான் என்பதால் அழுகை அக்கா என்பார்கள். விஷயத்தைக் கேட்டதும் சி.ஐ.டி.யைக் குடிநீர்க் குழாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"டெஸ்ட்டுன்னா சூதானமா இருடி. எல்லாருக்கும் ஒரே சீன்னா அது டெஸ்ட்டு. ஆளுக்கு ஒரு சீன்னா, குரல் மாறினா யாரு கவனிக்கப் போறாங்கன்னு, டெஸ்ட்டுன்னு சொல்லியே காசு குடுக்காம படத்தை முடிச்சிடுவாங்க. அப்புறம் உன் குரல் படத்துல ஓடும், நீ தெருவுல நிப்ப."

"உங்களுக்கு நடந்திருக்கா?"

"நான் சும்மாவா அழறேன்?"

டெஸ்ட் நாளில் வெளியே பெஞ்சில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போய்விட்டு அப்போதுதான் வெளியே வந்த பச்சைச் சுரிதார்ப் பெண்ணிடம் சி.ஐ.டி. நைசாகப் பேச்சுக் கொடுத்தார்.

"என்ன சீன்மா குடுத்தாங்க?"

"ஆஸ்பத்திரி சீன்க்கா. உங்களுக்கு?"

இவர் கையில் இருந்த தாளில் மொட்டை மாடிக் காட்சி. பக்கத்துப் பெண்ணின் தாளை எட்டிப் பார்த்தார். போலீஸ் ஸ்டேஷன். அழுகை அக்கா சொன்ன அதே 'ஆளுக்கு ஒரு சீன்'.

உள்ளே போவதற்குள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். டெஸ்ட் என்றால் அவர்களுக்குத் தேவை குரலும் உணர்ச்சியும்தான். அதை முழுசாகக் கொடுத்துவிடலாம். உதட்டை மட்டும் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு வரியையும், நடிகையின் வாய் மூடிய பிறகு கொஞ்சம் இழுத்து முடித்தால் போதும். படத்தில் ஒட்ட முடியாது.

விளக்கை அணைத்தார்கள். திரையில் அக்கா மொட்டை மாடியில் நின்றாள். "நீ கிளம்பு. இங்க நான் பாத்துக்கறேன்." குரல் நன்றாகவே வந்தது. உதடு மூடிய பிறகும் ஒரு நூல் நீண்டது.

"லேட்டு மேடம். இன்னொண்ணு போலாம்."

இரண்டாவதும் நீண்டது. மூன்றாவதும்தான். ஹெட்போனில் இன்ஜினியரின் குரல் தணிந்து வந்தது.

"மேடம், உதடு ஒட்ட வராதவங்க ஒரு வரியில முந்துவாங்க, இன்னொரு வரியில பிந்துவாங்க. நீங்க எல்லா வரியிலயும் அளந்து வெச்ச மாதிரி ஒரே அளவு பிந்தறீங்க. உதடு கச்சிதமா தெரிஞ்சவங்களாலதான் இது முடியும். வேணும்னுதானே பண்றீங்க?"

புகார்ப் பிரிவில் எத்தனையோ பேரை இவர் இப்படிப் பிடித்திருக்கிறார். மாட்டிக்கொள்வது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் டைரக்டர் வேறு உட்கார்ந்திருந்தார். வாய்ப்புப் போனது போனதுதான், கேட்டுவிடுவோம் என்று மைக்கிலேயே கேட்டார்.

"ஆளுக்கு ஒரு சீன் எதுக்கு சார்?"

"கதவு வழியா வெளிய கேக்குது மேடம். ஒரே சீனைக் குடுத்தா, உள்ள இருக்கறவங்க பேசற மாதிரியே அடுத்தவங்களும் பேசறாங்க."

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கேட்ட மாத்திரத்தில் வந்து விழுந்தது. 'கொஞ்சம் துணிதாங்க போட்டேன்' என்பதும் இப்படித்தான் விழும்.

"அப்போ அந்த ஆஸ்பத்திரி சீனையே எனக்கும் குடுங்க சார். அதை ஏற்கெனவே ஒரு பொண்ணு பேசிட்டா. டெஸ்ட்டுதான்னா இன்னொரு தரம் பேசறதுல உங்களுக்கு நஷ்டம் இல்லையே? அதுல உதடு சரியா குடுக்கறேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் இன்ஜினியரிடம் குனிந்தார். உதட்டைப் படித்துவிடலாம் என்று சி.ஐ.டி. எட்டிப் பார்த்தார். டைரக்டர் உஷாராகக் கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார்.

திரை மறுபடி ஒளிர்ந்தது. ஆஸ்பத்திரி.

"அவ கண்ணு முழிச்சதும் என்னைத்தான் கேப்பா. நான் எங்கயும் போகலைன்னு சொல்லுங்க டாக்டர்." சி.ஐ.டி. ஒன்றையும் மிச்சம் வைக்காமல் பேசினார். அக்காவின் வாய் மூடியபோது குரலும் முடிந்தது. இன்னொன்று போகலாம் என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் ஏஜெண்ட் கூப்பிட்டார். "உங்களுக்குத்தான். ஆனா டைரக்டர் கேக்கறாரு, இந்தம்மா வீட்லயும் இப்படித்தானான்னு."

வேலையை விட்டார். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் கணவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார். டப்பிங் தொடங்கியது. மொட்டை மாடி முடிந்தது, போலீஸ் ஸ்டேஷன் முடிந்தது. அடுத்து வர வேண்டிய ஆஸ்பத்திரியைத் தாண்டி, ரயில் காட்சி திரையில் வந்தது.

"சார், ஒரு சீன் விட்டுப்போச்சு."

"அது வேணாம் மேடம். அன்னிக்குப் பேசினதே ஓகே."

"அன்னிக்கு டெஸ்ட்டுன்னீங்க?"

"டெஸ்ட்டுதான். நல்லா வந்துச்சு, வெச்சுக்கிட்டோம்."

சி.ஐ.டி. ஹெட்போனைக் கழற்றினார். தன் சந்தேகம் பலித்ததில் சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று புரியவில்லை. "திரும்பப் பேசறேன். அதைப் போடுங்க" என்றார். போட்டுக் கொடுத்தார்கள். பேசினார். 'டாக்டர்' என்ற சொல்லுக்கு முன்னால் அடையாளத்துக்கு ஒரு மூச்சு இழுத்து வைத்தார். எதை வைத்துக்கொள்கிறார்கள் என்று பிறகு தெரிந்துவிடும்.

படம் வந்த அன்று கணவரோடு தியேட்டருக்குப் போனார். ஆஸ்பத்திரிக் காட்சி வந்ததும் கணவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். 'சொல்லுங்க' வந்தது. மூச்சு வரவில்லை. 'டாக்டர்' வந்துவிட்டது.

"டெஸ்ட்டு" என்றார் சி.ஐ.டி.

"எது?"

"இதுதான். இன்னொண்ணு பேசிக் குடுத்தேன், போடலை பாருங்க."

"ரெண்டும் உன் குரல்தானே?"

முன்வரிசையில் ஓர் அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் நிஜமாகவே அழுகிறாரா என்று சி.ஐ.டி. எட்டிப் பார்த்தார். நிஜமாகத்தான் அழுதார். இரண்டாவது தடவை பேசியதைவிட இதுதான் நன்றாக இருந்தது என்பது சி.ஐ.டி.யின் காதுக்கும் தெரிந்தது. அதைக் கணவரிடம் சொல்லவில்லை.

பெயர்கள் ஓடி முடியும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். விளக்கைப் போட்டு, தரையைப் பெருக்க ஆள் வந்த பிறகும், தன் பெயர் கடந்து போன இடத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துச்சு, நானும் பார்த்தேன்" என்றார் கணவர்.

"தெளிவா பார்த்தீங்களா?"