மயிலைச் சோடி என்ன விலைக்குப் போனது

என் மாமனாரின் தோளில் எப்போதும் ஒரு சிவப்புக் கரைத் துண்டு கிடக்கும். அவர் செத்து முப்பது வருஷமாகிறது. அந்தத் துண்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அவர் மாட்டுத் தரகர். திருச்செங்கோட்டுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை கூடும். அங்கே விலையை யாரும் வாயால் பேச மாட்டார்கள். தரகர் துண்டை விரித்து, அதற்கடியில் மாட்டுக்காரனின் விரல்களைப் பிடிப்பார். எந்த விரலை எப்படிப் பிடித்தால் எத்தனை ரூபாய் என்று அவர்களுக்குள் ஒரு பாஷை. பிறகு அதே துண்டோடு போய் வாங்குகிறவனின் விரல்களைப் பிடிப்பார். இவன் கேட்டது அவனுக்குத் தெரியாது, அவன் கொடுத்தது இவனுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் துண்டுக்காரர்தான். பெண்பிள்ளை மாடு ஓட்டிக்கொண்டு வந்தால் அவள் கையைப் பிடிக்க முடியாதல்லவா? அவளிடம் மட்டும் வாயால் சொல்வார்: “இவ்வளவுக்குத்தானுங்க கேக்கறாங்க.” அவள் நம்பித்தான் ஆக வேண்டும்.

அப்படி நம்பியவள் மேட்டுக்காட்டு அக்கா. எனக்கு உறவு ஒன்றும் இல்லை. ஊருக்கே அவள் அக்காதான். ஊருக்கு வெளியே மேட்டில் மூன்று ஏக்கர் உழவுக் காடு, ஒரு கிணறு, இரண்டு கறவை. அவள் புருஷனுக்கு வயிற்றில் கட்டி வந்தபோது, பட்டணத்துக்குக் கொண்டுபோய் அறுத்தால் பிழைப்பார் என்று சேலத்து டாக்டர் சொன்னார். கன்றிலிருந்து வளர்த்த, சாம்பல் வெள்ளை நிற மயிலைக் காளைகள் இரண்டையும் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள். என் மாமனார்தான் விற்றுக் கொடுத்தார். எண்பது ரூபாய்க்குப் போனது என்றார். பட்டணத்துச் செலவுக்கு அது எட்டவில்லை. சேலத்திலிருந்தே புருஷனைத் திருப்பி வண்டியில் போட்டுக்கொண்டு வந்தாள். அந்த ஆடியைக் கூட அவர் தாண்டவில்லை. எல்லாம் நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முந்தின வருஷம் நடந்தது.

நான் வந்த மூன்றாம் வருஷம் பிளேக் வந்தது. முதலில் எலி விழுந்தது. எங்கள் வீதியில் செட்டியார் வீட்டுக் குதிருக்கடியில் ஏழெட்டு எலி செத்துக் கிடந்ததைப் பார்த்த அன்றே சனம் கிளம்பிவிட்டது. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே மேட்டுக்காட்டில் வரிசையாகக் கொட்டாய் போட்டோம். நாலு பக்கமும் பனையோலைத் தடுப்பு, கதவு கிடையாது. மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். என் வீட்டுக்காரர் கோயமுத்தூர் மில்லில் இருந்தார்; பிளேக் ஊருக்கு வர அவருக்கு லீவு கொடுக்கவில்லை. கொட்டாயில் மாமனாரும் நானும் என் நாலு மாசப் பெண்குழந்தையும் மட்டும். போன இரண்டாம் நாளே முறைக்காய்ச்சல் வந்து என்னைப் புரட்டிப் போட்டது. காய்ச்சல் விட்டபோது மார்பில் ஒரு சொட்டுப் பால் இல்லை.

சந்தையை மூடச் சொல்லித் தண்டோரா போட்டுவிட்டார்கள். சின்னக் காட்டுக்காரர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. கத்திரிக்காய் செடியிலேயே முற்றிப் பழுத்தது. வெண்ணெய் வாங்க ஆள் இல்லை. பால் வாங்குகிற ஊர்க்காரர்கள் எல்லாம் கொட்டாய்க்கு வந்துவிட்டார்கள். ஆனால் யாரும் யாரையும் நெருங்கக் கூடாது. மேட்டுக்காட்டு அக்கா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் தன் காட்டோரம் சாம்பலால் நீளமாக ஒரு கோடு போட்டாள். ஒரு மூங்கிலை இரண்டாகப் பிளந்து, கணுவைத் தட்டியெடுத்து, வாய்க்கால் மாதிரி கோட்டின் மேல் சாய்த்து வைத்தாள். நாம் சொம்பை மூங்கிலின் தாழ்ந்த முனையில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். அவள் அந்தப் பக்கம் மேல்முனையில் பாலை ஊற்றுவாள், அது ஓடி வந்து சொம்பில் விழும். காசை வேப்பிலைத் தண்ணீர்ச் சட்டியில் போட வேண்டும். விலையை அவள் அங்கிருந்தே கூவுவாள். மற்ற காட்டுக்காரர்களும் அதைப் பார்த்துவிட்டு அந்தக் கோட்டின் மேலேயே காய்கறியைக் கூறு கட்டி வைத்து, தள்ளி நின்று கத்தி விற்க ஆரம்பித்தார்கள். கொட்டாய் வரிசை முழுக்க எல்லாருக்கும் எல்லா விலையும் கேட்டது.

ஒரு மழை பெய்ததும் உழவுக்கு மாடு தேவைப்பட்டது. அக்கா தன் தரிசில் முளைக்குச்சி அடித்து, மாட்டுக்காரர்கள் ஒரு ஏர்க்கால் தூரம் விட்டு விட்டுக் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். பல்லைப் பார்க்க வேண்டுமா, மாட்டுக்காரனே வாயைப் பிளந்து காட்டுவான்; வாங்குகிறவன் எட்ட நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். என் மாமனார் துண்டை உதறிக்கொண்டு உற்சாகமாகத்தான் போனார். கையை நீட்டினால் ஒவ்வொருத்தரும் பின்னால் நகர்ந்தார்கள். “கையெல்லாம் வேண்டாமுங்க, வாயிலயே சொல்லுங்க” என்றார்கள். அவர் வாயில் விலை வரவே இல்லை. எனக்குக் கொட்டாயிலிருந்து எல்லாம் தெரிந்தது. அந்த மனுஷன் கையைத் தொங்கப்போட்டு நின்றதைப் பார்த்து முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது.

அன்றைக்குப் பரமத்திப் பக்கத்திலிருந்து ஒரு பண்ணையக்காரர் வந்திருந்தார். அக்கா தன் கறவைகளின் கன்றுகளை வளர்த்துக் கட்டியிருந்த இளங்காளைகளைப் பார்த்துவிட்டு எட்டி நின்றபடியே சத்தமாகச் சொன்னார்:

“ஏனுங்கம்மா, உங்க மயிலைச் சோடி இன்னும் என்ற தோட்டத்துலதான் உழுவுது. நூத்தி முப்பது குடுத்து வாங்குனேன், ஒரு பைசா வீணில்லீங்க. இதுவும் அதே வர்க்கமா?”

“எத்தனைங்க?” என்றாள் அக்கா.

“நூத்தி முப்பதுங்க. உங்க தரகரு கையிலதான் குடுத்தேன்.”

அத்தனை கொட்டாயும் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. என் மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று கொட்டாய்க்கு வந்துவிட்டார்.

சாயங்காலம் அவர் வழக்கம்போல் சொம்பை எடுத்துக்கொண்டு குழந்தையின் பாலுக்குப் போனார். பண்ணின காரியத்துக்குப் பிறகும் சொம்பைத் தூக்கிக்கொண்டு போக ஒரு தைரியம் வேண்டுமே! அக்கா பால் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “எம்பதுன்னு என்றகிட்டச் சொன்னீங்க. நூத்தி முப்பதுக்கு வித்தீங்க. அதை எல்லாருக்கும் கேக்கற மாதிரி நீங்களே சத்தம் போட்டுச் சொல்லுங்க. சொன்னா ஊத்தறேன். காசு வேண்டாம். தெனமும் சொல்லோணும், தெனமும் ஊத்துவேன்.”

அவர் வெறும் சொம்போடு திரும்பி வந்தார். எனக்கு அக்கா மேல்தான் ஆத்திரம் வந்தது. பச்சைக் குழந்தை வயிற்றில் அடிக்கிறாளே, பாவி, இவள் விளங்குவாளா என்று வாய்க்குள் திட்டினேன். சுற்றிலும் கறவை இருந்தது அவளிடம் மட்டும்தான். மற்றவர்கள் கறவையையெல்லாம் மலையடிவாரத்துக்கு ஓட்டிவிட்டிருந்தார்கள். கஞ்சித் தெளிவைத் துணியில் நனைத்துக் குழந்தையின் வாயில் வைத்தேன். துப்பித் துப்பி அழுதது.

அழுகையை அமர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் என் அப்பனின் நினைப்பு வந்தது. என் கல்யாணத்துக்காக அப்பனும் ஒரு சோடி விற்றார். விற்றுக் கொடுத்தவர் இதே மாமனார். சந்தைப் பழக்கத்தில்தான் சம்பந்தமே பேசியிருந்தார்கள். வந்த காசில் சொன்ன நகை போட முடியவில்லை, இரண்டு பவுன் குறைந்தது. அந்த இரண்டு பவுனைச் சொல்லிச் சொல்லி மூன்று வருஷம் இந்த மனுஷன் என்னைக் குத்தியிருக்கிறார். சோறு போடும்போது, தண்ணீர் கொடுக்கும்போது, விருந்தாளி முன்னால், “ஒண்ணுமில்லாத ஊட்லருந்து வந்தவ” என்று. அப்பன் தலையைத் தொங்கப்போட்டுக் கேட்டுக்கொண்டு போவார். அந்த இரண்டு பவுன் எந்தத் துண்டுக்கடியில் காணாமல் போனது என்று இப்போது எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்துக் கொட்டாய்களிலும் ஆளாளுக்குத் தங்கள் தங்கள் மாட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் மாமனார் வேறொரு ஆள் கையில் இரட்டிப்புக் காசு கொடுத்து அனுப்பிப் பார்த்தார். அக்கா சொம்பைப் பார்த்தே கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். வெயில் ஏற ஏறக் குழந்தையின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அழுதபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் இல்லை. உதடு காய்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அது கிடந்ததைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன்.

மாமனார் முன்னால் நான் அதுவரை நிமிர்ந்து நின்று பேசினதில்லை. எங்கள் பக்கத்து மருமகள்கள் பேச மாட்டார்கள். அன்றைக்குப் பேசினேன்.

“மாமா, போய்ச் சொல்லிப்போட்டு வாங்க. கொழந்தை போயிரும்.”

அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: “பொட்டப்புள்ள தானே. இது போனா இன்னொண்ணு பொறக்கும். என்ற பேரு போனா வருமா?”

“என்ற அப்பன் சோடி எத்தனைக்குப் போச்சுங்க?”

அவர் ஓலைத் தடுப்பைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

குழந்தையைத் தோளில் போட்டு, சொம்பையும் சங்கையும் எடுத்துக்கொண்டு நடந்தேன். கோட்டுக்கு வந்து சொம்பை மூங்கில் முனையில் வைத்தேன். அக்கா அந்தப் பக்கம் இடுப்பில் கை வைத்து நின்றாள். “நீ எதுக்கு சாமி வந்தே?” என்றாள்.

நான் கொட்டாய் வரிசையின் பக்கம் திரும்பினேன். எனக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

“மயிலைச் சோடிய நூத்தி முப்பதுக்கு வித்துப்போட்டு எம்பதுன்னு சொன்னது என்ற மாமனாருங்கோ! காசு பத்தாமத்தான் அக்காவோட ஊட்டுக்காரரு செத்தாருங்கோ! என்ற அப்பன் சோடி எத்தனைக்குப் போச்சுன்னு கேட்டேன், இன்னும் சொல்லலீங்கோ!”

மூங்கிலில் பால் ஓடி வந்தது. சொம்பு நிறைந்து வழிகிற வரைக்கும் அக்கா ஊற்றினாள். நான் அங்கேயே உட்கார்ந்து சங்கில் எடுத்துக் குழந்தைக்குப் புகட்டினேன். இரண்டு மடக்கு இறங்கியதும் அது கையை அசைத்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பிளேக் ஓய்ந்து ஊருக்குள் திரும்பினோம். சந்தையைத் திறந்தார்கள், தரகர்கள் பழையபடி துண்டை விரித்தார்கள். என் மாமனாரும் விரித்தார். அவர் துண்டுக்குள் கை விட ஒருத்தனும் வரவில்லை. நாலு செவ்வாய் போய்ப் பார்த்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் நான்தான் அவருக்குச் சோறு போட்டேன். ஒரு வேளை குறை வைக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. அக்கா தன் மூன்று ஏக்கரையும் கடைசிவரை தானே உழுதாள். கிழவியான பிறகும் என்னைக் கண்டால், “ஏங் கண்ணு, தொண்டை நல்லாருக்குதா?” என்று கேட்டுச் சிரிப்பாள்.

அந்தக் குழந்தைக்கு இப்போது பேரன் பிறந்துவிட்டான். எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் இன்றைய விலையைப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் போன மாசம் மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவளுக்கு இளகின மனசு. கேட்டுவிட்டு, “என்ன இருந்தாலும் பெரிய மனுஷரம்மா. பாலுக்கு வேற வழியில்லாமத்தானே கத்துனே” என்றாள், எனக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி.

இல்லை என்றேன். மறுநாள் காலையில் நான் சொம்பை வைத்து வாயைத் திறப்பதற்குள்ளேயே அக்கா பாலை ஊற்றிவிட்டாள். “போதும் கண்ணு, நீ சொல்லோணும்னு இல்ல. கொழந்தைக்கு எத்தனை நாளு வேணும்னாலும் ஊத்தறேன்” என்றாள். சொம்பு நிறைந்துவிட்டது. எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். நான் கொட்டாய்ப் பக்கம் திரும்பி, முதல் நாளைவிடச் சத்தமாகக் கத்தினேன். கொட்டாயைப் பிரிக்கிற நாள்வரைக்கும், காலையிலும் சாயங்காலமும், ஒரு வேளை விடாமல் கத்தினேன்.

“மொத நாளு பாலுக்காகத்தான் கத்துனேன் அம்முணி. மத்த நாளெல்லாம் அது எனக்கு இனிச்சுது” என்றேன்.