நாலு சீட்டா ஆறு சீட்டா

அடையாறு காந்தி நகரில், பாரத்தும் ஷில்பாவும் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் மர்சலின் பிள்ளை பார்க்கிற வேலை செய்கிறாள். மூத்தவள் இயல் பிறந்த மாதமே சேர்ந்தவள். இயல் இப்போது நாலாம் வகுப்பு. சின்னவன் வியனுக்கு நாலு வயது.

காரில் போகும்போது மர்சலினுக்கென்று ஒரு சீட்டு உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பின்னால் பைகளை நகர்த்திவிட்டு, வியனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். ஹோட்டலில் எத்தனை பேர் என்று கேட்டால் பாரத் "நாலு பேர்" என்பான். பிறகு யாராவது இன்னொரு நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். அவளுக்கு இதில் வருத்தமில்லை. கணக்கில் இல்லாதவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து, நாலு பேர் எதிரில் வாயைத் திறப்பது அவளுக்குப் பெரிய பாடு. பார்த்துக்கொண்டிருப்பாள். யாருக்கு எப்போது பசிக்கும், யார் எப்போது அழப்போகிறார்கள் என்பதெல்லாம் முகத்தைப் பார்த்தே தெரியும்.

அந்தச் சனிக்கிழமை வேளச்சேரிக்கு வண்டி பார்க்கப் போனார்கள். சாதாரண வண்டி இல்லை. காடுமேட்டில் ஓட்டுகிற, 'பக்கி' என்கிற திறந்த வண்டி. பாரத்துக்குத் திருப்போரூர்ப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பு இருக்கிறது. கூட வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு அந்தப் பக்கத்து மண்பாதைகளில் ஞாயிறுதோறும் வண்டி ஓட்டப் போகிறார்கள். படங்களை ஃபோனில் பார்த்துப் பார்த்து பாரத்துக்கும் ஆசை வந்துவிட்டது.

"வாங்கிட்டோம்னா எல்லா சண்டேவும் அங்கதான்," என்று கார் ஓட்டிக்கொண்டே சொன்னான். "காலைல ஆறு மணிக்குக் கிளம்பினா சாயந்திரம் வரைக்கும் ஓட்டலாம். பசங்க டேப்லெட்டே கேக்க மாட்டாங்க."

சண்டே என்ற சொல் பின்சீட்டில் வந்து மர்சலின் மேல் விழுந்தது.

மர்சலின் பட்டினப்பாக்கத்தில் இருக்கிறாள். அவள் புருஷன் ஹென்றி நந்தனத்தில் ஒரு ஆபீஸில் ராத்திரி வாட்ச்மேன். முன்பு கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தவன், முட்டி போனபிறகு நாற்காலி வேலைக்கு வந்துவிட்டான். அவன் வேலை முடிந்து வீட்டுக்கு வருவதற்குள் இவள் கிளம்பிவிடுவாள். இவள் திரும்புவதற்குள் அவன் போயிருப்பான். மூடி வைத்த சோறும், கொடியில் காயும் லுங்கியும்தான் அவன் வீட்டில் இருக்கிறான் என்பதற்கு அடையாளம். சாந்தோம் நெடுஞ்சாலையில் அவன் பஸ் அந்தப் பக்கமும் இவள் ஷேர் ஆட்டோ இந்தப் பக்கமும் போகும்போது சில நாள் கையைக் காட்டிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருவருக்கும் லீவு. காலையில் சர்ச்சில் பூசை, பிறகு அவன் வாங்கி வரும் மீன், பிறகு ஃபேனுக்குக் கீழே பாயைப் போட்டு இருட்டும்வரை தூக்கம். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் தான் கலியாணமானவள் என்பதே தனக்கு மறந்துபோகும் என்று அவள் நினைப்பதுண்டு.

ஷோரூமில் வண்டிகள் வரிசையாக நின்றன. கதவு இல்லை, கண்ணாடி இல்லை. இரும்புக் குழாயால் கட்டிய கூண்டு. அடியில் முண்டும் முடிச்சுமாகத் தடித்த டயர். விற்பனையாளர் ஆதில் சிரித்த முகமாக வந்தார்.

"எத்தனை பேர் சார் போவீங்க?"

"நாலு பேர்."

ஆதில் கண்ணாலேயே எண்ணினார். "அஞ்சு பேரு வந்திருக்கீங்களே சார். இதுல மடியில வச்சுக்கறதெல்லாம் கெடையாது. ஆளுக்கு ஒரு சீட்டு, ஒரு பெல்ட்டு. பள்ளத்துல விழுந்து ஏறும்போது பிள்ளை கையில நிக்காது."

எல்லோரும் மர்சலினைப் பார்த்தார்கள். அவள் வியனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"அப்போ அஞ்சு," என்றாள் ஷில்பா. "அஞ்சு சீட்டு இருக்கா?"

"நாலு கீது, ஆறு கீது," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, ஆதில் நாக்கைக் கடித்துக்கொண்டார். "நாலு இருக்கு, ஆறு இருக்கு மேடம்."

முதல்முறையாகத் தன்னை ஒரு ஆளாக எண்ணியிருக்கிறார்கள். அது இப்படியா வர வேண்டும் என்று மர்சலினுக்கு அலுப்பாக இருந்தது. ஆறு சீட்டு என்றால் ஞாயிறு போயிற்று. நாலு சீட்டு என்றால் இடமில்லை. இடமில்லாதவளை எதற்குக் கூட்டிப்போகப் போகிறார்கள். நாலையே எடுக்கட்டும் மாதாவே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆதில் இரண்டையும் விளக்கினார். ஆறு சீட்டு நீளம் அதிகம்; மேட்டில் ஏறும்போது வண்டியின் அடிவயிறு தரையில் தட்டும், திருப்ப இடம் வேண்டும். நாலு சீட்டு சட்டென்று வளையும். மணலில் போவதென்றால் நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரிதான் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் புதைந்துகொண்டு தள்ளச் சொல்லும்.

"ஒண்ணு முன்னாலயே சொல்லிடறேன் சார். இத ரோட்டுல ஓட்ட முடியாது. மினி லாரியில ஏத்தித்தான் தோப்புக்குக் கொண்டு போகணும்."

"அங்கயே ஷெட் போட்டுடலாம். சவுக்கு வரிசைக்கு நடுவுல பூருமா?"

"நாலு பூரும். ஆறும் பூரும், ஆனா முனையில திருப்பறதுக்குள்ள நாலு மரத்த சாய்ச்சிடுவீங்க."

பாரத் சிரித்தான். மர்சலினுக்கும் சிரிப்பு வந்தது. இந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

ஷோரூமுக்குப் பின்னால் மண்ணைக் குவித்து மேடுபள்ளம் செய்து வைத்திருந்தார்கள். பாரத் ஓட்ட, பக்கத்தில் ஷில்பா, பின்னால் இயல். வண்டி உறுமிக்கொண்டு மேட்டில் ஏறிப் பள்ளத்தில் குதித்தது. இயல் கத்திய கத்தலில் காக்கைகள் எழுந்து பறந்தன. இறங்கி வந்த ஷில்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எலும்பெல்லாம் இடம் மாறிடுச்சு," என்றாள். ஆனால் முகம் மலர்ந்திருந்தது. ஆபீஸ் விட்டு வரும்போது இல்லாத முகம் அது. பாவம், இவர்களுக்கும்தான் என்ன இருக்கிறது என்று மர்சலின் நினைத்தாள்.

"நானும், நானும்," என்று வியன் குதித்தான். ஆதில் அவனைத் தூக்கி உட்காரவைத்துப் பெல்ட் போட்டார். பிறகு குனிந்து அவன் காலைப் பார்த்தார். இரண்டு பாதமும் அந்தரத்தில் ஆடின.

"கால் தரையில ஊணணும் சார். ஊணலைன்னா ஏத்தக் கூடாது. நான் விக்கறவன், நானே சொல்லக் கூடாது. ஆனா எனக்கும் இந்த வயசுல ஒண்ணு இருக்கு."

வியன் அழ ஆரம்பித்தான். மர்சலின் அவனை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பாரத் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டுத் தெளிந்தான்.

"அப்போ ஈஸிதான். நாலு சீட்டே போதும். நாம மூணு பேரும் ஓட்டலாம். மர்சலின் அக்கா வியனை மரத்தடியில வச்சுப் பாத்துக்கட்டும்."

அவள் ஆசைப்பட்ட நாலு சீட்டு கிடைத்துவிட்டது. ஞாயிறுதான் கிடைக்கவில்லை. இவ்வளவு நேரம் சீட்டை எண்ணிக்கொண்டிருந்தது எவ்வளவு முட்டாள்தனம் என்று தோன்றியது. வண்டியில் இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தான் அங்கே இருக்க வேண்டியதுதான். எந்த வண்டி வந்தும் தன்னைக் காப்பாற்றப் போவதில்லை. வாயைத் திறந்தால் உண்டு.

"ஞாயித்துக்கெழம நான் வரமாட்டேம்மா," என்றாள்.

சத்தம் சரியாக வரவில்லை. ஷில்பா, "என்னக்கா?" என்றாள். மர்சலின் இன்னொரு முறை சொன்னாள்.

"சர்ச்சுக்காகவா? நாம வேணா சர்ச் முடிச்சிட்டுக் கிளம்பலாம்."

"அது இல்லம்மா. அவரு வீட்ல இருப்பாரு."

ஷில்பாவின் முகத்தில் உடனே இரக்கம் வந்தது. "அய்யோ, இதைச் சொல்றதுக்கா இவ்ளோ தயங்குனீங்க? அவரையும் கூட்டிட்டு வாங்க. தோப்புல காத்தோட்டமா இருக்கட்டும். ஏங்க, ஷெட்டுக்கும் ஒரு ஆள் வேணும்னீங்களே?"

"சூப்பர்," என்றான் பாரத். "அவர்தான் வாட்ச்மேன் ஆச்சே."

அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது மர்சலினுக்குத் தெரியும். அதுதான் கஷ்டமாக இருந்தது. கெட்டவர்களாக இருந்தால் முறைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆறு ராத்திரி கேட்டைக் காத்தவன் ஏழாவது நாள் போய் வண்டியைக் காக்க வேண்டுமாம். வியன் தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் கனம் கையை இழுத்தது.

"அவரு தூங்கணும்மா," என்றாள். பிறகு, "நானும் தூங்கணும்."

ஆதில் தள்ளிப்போய் ஒரு டயரை அமுக்கிப் பார்த்தார், அதில் காற்று நன்றாகவே இருந்தது.

"நான் பாத்துக்கறேன்," என்றாள் ஷில்பா கடைசியில். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. கையை நீட்டி வியனை வாங்கிக்கொண்டாள்.

நாலு சீட்டுக்கே புக் செய்தார்கள். திரும்பும்போது ஷில்பாவே வியனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மர்சலினுக்குத் தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள்.

வண்டி தோப்புக்கு வந்து சேர்ந்த முதல் ஞாயிறு. பூசை முடிந்து, சங்கரா மீன் குழம்பைத் தின்றுவிட்டு, ஹென்றி பாயில் காலை நீட்டினான்.

"நெசமா நீயே பேசினியா?"

"நான்தான்."

"இவ்ளோ வருசமா என்கிட்டயே பேசினது இல்லியே. அவங்க இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ரெண்டு வாரமா அளந்துதான் பேசிக்கினு கீறாங்க."

"வேலைய விட்டுத் தூக்கிருவாங்களா?"

"தெரியல."

"தூக்கினா தூக்கட்டும். மீன் கூடைய எடு, நான் கூட வந்து கூவறேன்," என்று சொன்னவன், சொன்ன கையோடு குறட்டை விட்டான்.

அவளும் கண்ணை மூடினாள். ஃபோன் அடித்தது. ஷில்பா. பின்னால் வண்டி உறுமுவதும் இயல் கத்துவதும் கேட்டன.

"அக்கா, வியன் தொப்பி எந்தப் பையில வச்சீங்க? வெயில் தாங்கல."

"நீலப் பையிலம்மா. பக்கத்து ஜிப்புல."

ஏதோ உருட்டும் சத்தம். "ஆங், இருக்கு. சரி, தூங்குங்க."

தூங்குங்க என்றது கோபத்திலா, இல்லை சும்மா சொன்னதா என்று மர்சலின் யோசிக்கத் தொடங்கினாள். யோசித்து முடிக்கவில்லை. ஃபோன் கையிலேயே இருக்க, அவள் தூங்கிப்போயிருந்தாள்.